பேராசிரியருக்கு நான் சொன்ன மூன்று நாள்

பேராசிரியரின் பேனா நின்றால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், தன் அண்ணன் வீட்டு வராந்தாவில், மடியில் பலகை வைத்து எழுதுவார். சென்னைக் கல்லூரி ஒன்றில் தத்துவம் கற்பித்தவர். நினைவு தப்பியவனுக்குள் ‘நான்’ என்பது இருக்கிறதா, இல்லையா என்று ஆராய்ச்சி எழுத ஓராண்டு விடுப்பில் கடல் தாண்டி எங்கள் ஊருக்கு வந்திருந்தார். அது தேறினால்தான் கல்லூரியில் வேலை நிலைக்கும் என்று அவருடைய அண்ணன் சொல்லியிருந்தார். அண்ணன் எங்கள் ரயில்வே யார்டில் கணக்கெழுதும் கிராணி.

நான் யார்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் அம்பாங்கில் ஈயச் சுரங்கம், பந்திங் பக்கம் ரப்பர் தோட்டம். எங்கும் ஓராண்டு தரித்ததில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தோட்டத்தில் காய்ச்சல் வந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறேன் என்பதால் கிராணி என்னை அவரிடம் கூட்டிப்போனார்.

எனக்கு முன் அவர் விசாரித்தவர்கள் எல்லோரும் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பேனா நின்றது. அவர் முகம் வாடியது. தோட்டத்தில் பெரியவர்கள் கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். துரையிடம் ‘இல்லை’ என்ற வாய் அறை வாங்கும்.

“கூரைகிட்ட நின்னு கட்டில்ல கெடந்த என்னையே பாத்தேங்க” என்றேன்.

பேனா ஓடியது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது சேர்த்துச் சொன்னேன்.

“அடுத்த வாரம் எமன்கூடக் கள்ளு குடிச்சேன்னு சொல்லுடா, அதையும் எழுதிக்குவாரு!” என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரைவிட்டு ஓடிவிட இரண்டு முறை துணி மூட்டை கட்டினேன். இரண்டு முறையும் அவிழ்த்தேன்.

அவர் கப்பலேறும் நாளில் பெட்டி தூக்க நான்தான் போனேன். கிள்ளான் தாண்டித் துறைமுகம் வந்துவிட்டது. இனிமேல் சொல்ல நேரமில்லை.

“ஐயா, நான் சொன்னது பொய்யுங்க.”

“எது?”

“கூரை. அப்புறம் சொன்னது எல்லாமே.”

“ஏன்யா அப்படிச் சொன்ன?”

“இல்லன்னு சொன்னப்ப உங்க முகம் ஒரு மாதிரி ஆயிருச்சுங்க.”

அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கப்பலுக்கு ஏறும் பலகைப் பாலத்திலேயே பெட்டியைத் திறந்து, என்னைப் பற்றிய பக்கங்களை உருவினார். காகிதக் கட்டே பாதியாகிவிட்டது. அவற்றை என் கையில் கொடுத்துவிட்டு மீதியோடு கப்பலேறினார்.

அவருடைய கல்லூரி வேலை போய்விட்டது. ஏதோ ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாகக் கிராணி சொன்னார்.

இரண்டு ஆண்டு கழித்து என் பெயருக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. திட்டி எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன். உள்ளே ஒரே வரி: ‘அந்த மூன்று நாளும் உண்மையில் என்ன இருந்தது?’

என் கோணல் எழுத்தில் நானே எழுதிப் போட்டேன்: ‘ஒன்றும் இல்லைங்க ஐயா.’

அதற்குப் பின் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். பெரிய மனிதர் ஒருவருக்கு முகம் பார்க்காமல் நான் சொன்ன பதில் அது ஒன்றுதான். அதை அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.