குழாய் இல்லாத கார்

மின்சாரத்தில் ஓடும் பெட்டரி காரின் புகைக்குழாயில் உருளைக்கிழங்கைத் திணித்து அதை ஓடவிடாமல் செய்துவிடலாம் என்று கிளம்பிய அறிவாளி நான். பத்து வயதில் அவ்வளவு மூளைதான் இருந்தது. பிறகும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை.

ஆனால் கோபம் நியாயமானது. என் தாய்மாமா எங்கள் தேயிலைத் தோட்டத்து மேனேஜரான துரையின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டகொடை ஸ்டேஷன் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் டிரைவர்மார் கூடி, வரப்போகும் காலத்தைப் பிரித்து மேய்ந்தார்கள்.

"இனிமே டீசலும் இல்ல, கியரும் இல்லயாம்."

"அப்புறம் டிரைவரே வேணாமாம். காரு தானா ஓடுமாம்."

"நம்ம ரோட்டுலயா? மொத குழியப் பாத்ததும் திரும்பி ஓடிரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வரும் பாதையில் ஒரு கூடை கல் கொட்ட ஆளில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் அந்தக் குழிகளில் ஜீப்பை நோகாமல் இறக்கி ஆஸ்பத்திரி சேர்ப்பது மாமாதான். அவரை வீட்டுக்கு அனுப்பத் தானாக ஓடும் காராம்!

அடுத்த வாரமே துரை பங்களா வாசலில் ஒரு பெட்டரி கார் வந்து நின்றது. மேட்டில் ஏறும்போது ஒரு முனகல்கூட இல்லை. அந்தத் திமிரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவின் கூடையில் பெரிய கிழங்காகப் பார்த்து எடுத்துக்கொண்டு ஓடி, காருக்குப் பின்னால் படுத்துத் தேடினேன். குழாயைக் காணோம். முன்பக்கம் இருக்குமோ என்று அங்கேயும் போய்ப் படுத்தேன்.

"என்னடா தேடுற?" கையில் துணியோடு மாமா நின்றார்.

"பொகைக் கொழா எங்க மாமா?"

"இதுக்குப் பொகையே கெடையாது. கொழா எதுக்கு?"

கிழங்கும் கையுமாக எழுந்தேன். மாமா அதற்குள் என்னை மறந்து, கண்ணாடியில் இரு கைகளையும் குவித்து வைத்து உள்ளே ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். அடுத்த மாதத்திலிருந்து அதை ஓட்டப்போவது அவர்தான் என்பது தோட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

"ஒங்க பொழப்பக் கெடுக்க வந்த காரப் போயி தொடைக்கிறீங்களே, வெக்கமா இல்லயா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மாமா கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

"கத்தாதடா, எச்சி தெறிக்குது."