வாளியால் மூடிய குழந்தை

விமலராணி கதவைப் பூட்டிவிட்டு மூன்று படி இறங்குவாள். பிறகு திரும்ப ஏறிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இத்தாலியின் பலேர்மோ நகரில், கால்சா பகுதியின் அந்தப் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் ஒரு நாளாவது ஒரே தடவையில் தெருவுக்கு இறங்கியதில்லை. மீன்காரன் நிறுக்கும்போது தராசைப் பார்க்கமாட்டாள், அவன் கண்ணைப் பார்ப்பாள்.

கணவர் ஞானசேகரம் நேர்மாறு. துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிற வேலை. கண்டவரையெல்லாம் நம்பிவிடுவார். "வீட்டுக்கு ஓராள் சந்தேகப்பட்டால் காணும், ராணி. அந்த வேலையை நீ பார்" என்பார். அவர் நெஞ்சுவலியில் ஒரு காலைப் பொழுதில் போய்விட்ட பிறகு, நம்புகிற வேலைக்கு அந்த வீட்டில் ஆளில்லாமல் போனது.

அவளும் பிறவியிலேயே அப்படி இல்லை. ஊரைவிட்டு வந்த புதிதில் வேலைக்குப் போன வீட்டில், குளியலறைச் சவர்க்காரத் தட்டில் வீட்டுக்காரி சிஞ்ஞோரா ஒரு மோதிரத்தை மறந்து வைத்திருந்தாள். அடுத்த கிழமையும் மறந்தாள். மூன்றாவது கிழமை அது மறதி இல்லை என்று விமலராணிக்கு விளங்கியது. மோதிரத்தைத் தொடாமல் அதைச் சுற்றித் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். தன்னை மற்றவர்கள் பார்க்கிற பார்வையால் மற்றவர்களைப் பார்க்க அன்றுதான் பழகிக்கொண்டாள்.

ஒரே மகள் துஷாந்தி, ஆங்கிலம் படிப்பிக்கிற டெர்மட் என்ற ஐரிஷ்காரனைக் கட்டப்போகிறேன் என்றபோது விமலராணி ஒரு வருடம் பதில் சொல்லவில்லை. அவனைக் கவனித்தாள். ஒரு நாள் மூவருமாக வெளியே கிளம்பினார்கள். பாதிப் படியில் டெர்மட் நின்றான், "மாமி, பொறுங்கோ" என்று ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்கு ஓம் என்றாள்.

ஆனால் அந்த ஓம் அவனுக்கு மட்டும்தான். அவன் தாய் நூலாவுக்கு அல்ல.

கலியாணத்துக்கு நான்கு நாள் முன்பு நூலா உறவுக்காரர்களோடு வந்து இறங்கினாள். உயரமான பெண்மணி, வெள்ளை முடி, புருஷனை இழந்து இரண்டு வருடம். வந்ததும் வராததுமாகத் துஷாந்தியிடம் கேட்டது என்ன? மணவறையில் கையில் வைத்திருக்கிற கைக்குட்டையை, அந்த லேஞ்சியைப் பத்திரமாகத் தனக்குத் தரவேண்டும் என்று.

"பிறகு பிறக்கிற பிள்ளைக்கு அதிலை தொப்பி தைப்பினமாம் அம்மா. அவையின்ரை வழக்கம்."

"என்ரை பிள்ளையின்ரை வேர்வை பட்ட லேஞ்சி அவவுக்கு என்னத்துக்கு?"

"இப்பத்தானே சொன்னனான்!"

"நீ சொன்னாய். அவ சொன்னதை நான் கேக்கேல்லையே."

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் நான்கு மணிக்கு நூலா தனியே வந்தாள். துஷாந்தி தலை அலங்காரம் பார்க்கப் போயிருந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பத்துப் பன்னிரண்டு இத்தாலியச் சொற்கள். நூலா சிரித்தாள், பல்கனியைக் காட்டினாள், பையிலிருந்து துவாயில் சுற்றிய ஒன்றை எடுத்துப்போனாள். எலுமிச்சை மரச் சாடியடியில் குனிந்து அதை வைத்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், விமலராணியின் கன்னத்தில் முத்தமிட்டாள், போய்விட்டாள்.

விமலராணி போய்ப் பார்த்தாள். ஒரு முழ உயரச் சிலை. சிவப்பு அங்கி போட்ட சின்னப் பிள்ளை. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

மொண்டெல்லோவில் இருக்கிற சிநேகிதி சறோஜாவுக்குப் போன் எடுத்தாள்.

"தலை இல்லையோ?"

"இல்லை."

"வெட்டினதோ, உடைஞ்சதோ?"

"அதை ஆர் தடவிப் பாத்தது!"

"எடி விமலா, விடிஞ்சால் கலியாணம். சின்னப் பிள்ளை, தலையில்லாமல். இன்னுமோ உனக்கு விளங்கேல்லை? பேரப்பிள்ளை தங்கக்கூடாதெண்டு செய்யிற செய்வினை."

"வாயைக் கழுவு."

"நான் கழுவிறன். நீ அதைக் கையாலை தொடாதை. எறியவும் கூடாது, எறிஞ்சால் திரும்பி வரும். மூடி வை."

நிலம் கழுவுகிற நீல வாளியைக் கொண்டுவந்து அந்தப் பிள்ளையின் மேல் கவிழ்த்தாள். உள்ளே மூன்று செத்தல் மிளகாயும் போட்டாள், வாளிக்கு மேலே ஒரு தேசிக்காய் வைத்தாள். கலியாணத்தை நிறுத்துவது என்று முடிவெடுத்தாள். அன்றிரவு மாப்பிள்ளை வீட்டார் வைக்கிற விருந்தில் எல்லோருக்கும் முன்னால், சாப்பாடு முடிந்த பிறகு சொல்வது. அதற்கு முன் சொன்னால் சமைத்தது வீணாகிவிடும்.

நூலா குடும்பம் வாடகைக்கு எடுத்திருந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஏழு மணிக்குப் போனார்கள். நூலா ஒரு வாய் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் விமலராணி கரண்டியைத் தொட்டாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள். அதற்குள் நூலா ஒரு பழைய கொப்பியோடு எழுந்துவிட்டாள்.

"அவையின்ரை குடும்பப் பாட்டம்மா," என்று துஷாந்தி காதோடு சொன்னாள். "ஒவ்வொரு கலியாணத்துக்கும் மாப்பிள்ளையின்ரை தகப்பன் ஒரு பா எழுதிச் சேர்ப்பாராம். டெர்மட்டின்ரை அப்பா இல்லைத்தானே. இந்த முறை மாமி எழுதியிருக்கிறா."

நூலா அவர்களுடைய பழைய மொழியில் படித்தாள். டெர்மட் துஷாந்திக்குச் சொன்னான், துஷாந்தி தாய்க்குச் சொன்னாள்.

"ஒழுங்காச் சொல்லு. இடையிலை விடாதை."

"விடேல்லை. கேளுங்கோ. பூட்டன் கலியாணத்திலை குழந்தை வேலியடியிலை நிண்டுதாம், வெயில் வந்து புல்லெல்லாம் காய்ஞ்சுதாம். பாட்டன் கலியாணத்திலை, பாதிரியாரைக் கூப்பிட ஓடின தம்பி தடக்கி விழுந்தானாம். குழந்தையின்ரை தலை போச்சுதாம், அதோடை மழையும் போச்சுதாம்."

விமலராணியின் முதுகு நிமிர்ந்தது. "எந்தக் குழந்தை?"

"குழந்தை யேசுவின்ரை சிலை. கலியாணத்துக்கு முதல்நாள் வெளியிலை வைப்பினமாம், மழை வராமல் இருக்க. தலை தானா விழுந்த சிலையெண்டால் இன்னும் விசேஷமாம். வேணுமெண்டு உடைச்சால் பலிக்காதாம்." துஷாந்தி டெர்மட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே?"

என் அம்மா சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன் என்றான் அவன்.

நூலா கடைசிப் பாவுக்கு வந்தாள். துஷாந்தி மெதுவாகச் சொன்னாள்: "இந்த முறை குழந்தை விமானத்திலை வந்தான், என்ரை மடியிலை இருந்து. மாப்பிள்ளைக்கும் தகப்பன் இல்லை, பொம்பிளைக்கும் தகப்பன் இல்லை. ரெண்டு தாய்மாருக்காக எலுமிச்சை மரத்தடியிலை நிண்டு வானத்தைப் பாக்கிறான்."

வானத்தை எங்கே பார்ப்பது! நீல வாளியின் அடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

விமலராணி வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஒன்பது மணிக்கு வாளியைத் தூக்கினாள். தேசிக்காயையும் மிளகாயையும் குப்பையில் போட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

காலை ஆறு மணிக்கு மழை பிடித்தது.

மணவறை போட்டிருந்தது கூரையில்லாத முற்றத்தில். மோதிரத்தை மறந்த அதே சிஞ்ஞோரா, இத்தனை வருடத்துக்குப் பிறகு தன் வீட்டு முற்றத்தைக் கலியாணத்துக்குத் தந்திருந்தாள். முகூர்த்தம் பதினொன்று இருபதுக்கு.

ஏழு மணிக்கு நூலா குடையோடு வந்து நேரே பல்கனிக்குப் போனாள். குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் விரல்களுக்கிடையில் ஒரு செத்தல் மிளகாய் இருந்தது. சிலையின் அங்கி மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நிலத்தில் சிலையைச் சுற்றி வாளி விளிம்பின் வட்டமும் வெள்ளையாய்த் தெரிந்தது. நூலா ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

பாதி பின்னிய தலையோடு துஷாந்தி சொன்னாள்: "ஆரோ குழந்தையை மூடினதாம்."

நூலா விமலராணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விமலராணிக்கு நன்றாகத் தெரியும். சவர்க்காரத் தட்டுக்குப் பின்னால் இருந்த பார்வை. ஒன்றும் செய்யாமலே எத்தனையோ வீடுகளில் அதைத் தாங்கியிருக்கிறாள். இன்றைக்குத்தான் செய்துவிட்டு நிற்கிறாள். காற்று என்று சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பூனை என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் நம்புவாள். நூலா நம்பமாட்டாள். பிறகு காலம் முழுக்க அந்தப் பார்வையின் கீழ்தான் துஷாந்தி வாழவேண்டும்.

"நான்தான்," என்றாள். "நான்தான் வாளியாலை மூடினனான். உன்ரை மாமி செய்வினை செய்யிறா எண்டு நினைச்சன். கலியாணத்தை நிப்பாட்டவும் இருந்தனான். அப்பிடியே சொல்லு. ஒரு சொல்லும் மாத்தாதை."

"அம்மா!"

"சொல்லு எண்டனான்."

துஷாந்தி சொன்னாள். நூலா ஒன்று கேட்டாள்.

"எத்தினை மணியிலையிருந்து எத்தினை மணி வரைக்கும் மூடினதெண்டு கேக்கிறா."

"நாலிலையிருந்து ஒம்பது."

நூலா விரல்விட்டு எண்ணினாள். ஐந்து மணித்தியாலம். குழந்தை மூடிக்கிடந்த அளவுக்குத்தான் மழையும் பெய்யும் என்பது அவள் கணக்கு. மழை ஆறுக்குத் தொடங்கியது. அப்படியென்றால் பதினொன்றுக்கு விடும். "அப்ப காணும்" என்பதுபோலத் தலையாட்டிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள், தேத்தண்ணி கேட்டாள். மிளகாய் எதற்கு என்று கேட்டாள். கண்ணூறுக்கு என்றதும் இன்னும் இரண்டு வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மழை பத்தே முக்காலுக்கே விட்டுவிட்டது. கால்மணித்தியாலம் முந்தி. விமலராணிக்கு அது சரியாகப் படவில்லை. தாலி ஏறும் வரைக்கும் மடித்த குடையைக் கக்கத்திலிருந்து எடுக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து டெர்மட்டின் தங்கைக்கு அயர்லாந்தில் கலியாணம். விமலராணியால் அப்போது கட்டிலைவிட்டு எழும்ப முடியாது. துஷாந்தி விருந்து மேசையிலிருந்தே போன் எடுத்து, தன் கலியாணத்தைப் பற்றி நூலா பிறகு கொப்பியில் எழுதிச் சேர்த்திருந்த புதுப் பா ஒன்றைத் தமிழில் சொன்னாள்:

"கடலுக்கு அங்காலை ஒருத்தி குழந்தையை வாளியாலை மூடினாள், பிறகு தன்ரை வாயாலையே வாளியைத் திறந்தாள். அண்டைக்கு வந்த வெயில் அவளின்ரை."



"அப்பிடியேதான் எழுதிக் கிடக்கோ?" என்றாள் விமலராணி. "நீ எனக்காக ஒண்டும் மாத்திச் சொல்லேல்லைத்தானே?"