புயலின் எண்ணிக்கையும் எங்கள் வீட்டு லிஃப்ட்டும்

அன்பு வாசகரே, நீங்களே சாட்சி. இத்தனை வாரங்களாக என்னைப் படித்துவரும் உங்களுக்குத் தெரியாதா, மேடையேறினால் நான் இறங்குவது கைதட்டலோடுதான் என்பது? அந்தத் தெம்பில்தான் சென்ற ஞாயிறு காலை, வேளச்சேரியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

வழக்கு இதுதான். எங்கள் கட்டடத்தின் மின்சாரப் பேனல் போர்டு பேஸ்மென்ட்டில் இருக்கிறது. புயல் மழை பெய்தால், உள்ளே வரும் தண்ணீர் முதலில் நலம் விசாரிப்பது அதைத்தான். உடனே மின்சாரம் போகும், லிஃப்ட் நிற்கும். ஐந்தாவது மாடி பஷீர் பாயின் மகள் ஷப்னம், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறார். டாக்டர் சொல்லியிருப்பது நவம்பர் கடைசி. வங்கக் கடலுக்கும் அதுதானே நிறைமாதம்!

பேனல் போர்டை முதல் மாடிக்கு மாற்றுங்கள் என்பது பாயின் கோரிக்கை. வீண் செலவு என்பது செயலாளர் வரதராஜன் சாரின் கட்சி. மயிலாப்பூரிலிருந்து இங்கே குடிவந்தவர். மழை எச்சரிக்கை வந்ததும் முதல் ஆளாகக் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துபவரும் அவரே. காரை மேம்பாலத்தில் ஏற்றிவிடலாம்... பேனல் போர்டை?

பாயின் பக்கம் வாதாட எழுந்தேன். "அவையோரே!" என்று தொடங்கியதுமே, கூட்டம் முடிந்து கிடைக்கப்போகும் டிபனுக்குக் காத்திருந்த பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"இன்னா நைனா, சாம்பார் ஆறிக்கினு கீது... சீக்கிரம் முடி!"

விடுவேனா?

"புயல் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அது கடலின் பிள்ளை! வெப்பமேறிய கடல் நீர் ஆவியாகி எழுகிறது. எழுந்த ஆவி குளிர்ந்து மேகமாகும்போது, தான் சுமந்துசென்ற வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. அங்கே காற்று மேலும் சூடேறி உயர்கிறது. கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்றெல்லாம் ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் அந்த ஓட்டம் நேராக வராமல் வளைகிறது. வளைந்தது சுழல்கிறது... சுழன்றது புயலாகிறது!"

அவை அடங்கியது. அங்கே நான் நிறுத்தியிருக்கலாம்.

"அந்தக் கடலோ நாளுக்கு நாள் சூடேறுகிறது. ஆகவே, புயல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன!"

கையை உயர்த்தி நின்றேன். கைதட்டலுக்கென்று நான் விட்ட இடைவெளியில், கைப்பேசியோடு வரதராஜன் சார் புகுந்தார்.

"சித்த இருங்கோ. எண்ணிக்கை கூடறதுன்னு உறுதியாச் சொல்ல முடியலைன்னுதானே இதுல போட்டிருக்கு? நீங்க எந்தக் கடலைச் சொல்றேள்?"

சிரிப்பு. அவர் படித்தது சரிதான். புயல்கள் எண்ணிக்கையில் கூடுகின்றன என்று அடித்துச் சொல்ல ஆய்வாளர்களே தயங்குகிறார்கள். அவர்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு — சூடான கடலில் பிறக்கும் புயல் வலுத்து வரும். கூடுதல் மழையைச் சுமந்து வரும். சில வேளை, நாம் சுதாரிப்பதற்குள் சீறி வளர்ந்துவிடும். ஆனால் 'பெருகுகின்றன' என்று முழங்குகையில் கிடைக்கும் கம்பீரம், இத்தனை விளக்கம் சொல்கையில் கிடைக்குமா? நாவு வழுக்கிவிட்டது.

"எண்ணிக்கை கூடலேன்னா, பேனல் அது பாட்டுக்கு அங்கயே இருக்கட்டுமே. ஓட்டெடுத்துடலாமா?" என்றார் வரதராஜன் சார்.

பாதிக் கைகள் அவருக்காக உயரத் தொடங்கின. பஷீர் பாய் என்னைப் பார்த்தார். "தம்பி, நல்லாத்தான் பேசுனீங்க..." என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு ஷப்னம் எழுந்து, வரதராஜன் சாரைப் பார்த்துக் கேட்டார்.

"மாமா, வருஷத்துக்கு எத்தனை புயல்னு எண்ணிட்டிருக்கீங்க. எனக்கு அந்த வாரத்துல ஒண்ணு வந்தா பத்தாதா?"

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வரதராஜன் சார் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார்.

"நீ உக்காரும்மா மொதல்ல. பேனலை மேல ஏத்திடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இதைத்தான் இவ்ளோ நேரம் சொல்லிண்டிருந்தேளா?"

நியாயமான கேள்வி. புயல்களை நாமெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் போல எண்ணுகிறோம். போன வருடம் இத்தனை, இந்த வருடம் அத்தனை... ஆனால் வாசலில் வந்து நிற்கும் புயலுக்குச் சராசரி தெரியுமா என்ன?

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒரே ஒரு சிக்கல்தான். அங்கிருந்தே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டோம். பொருள்கள் வந்து வேலை முடிய டிசம்பர் ஆகிவிடும் என்றார்.

"அப்போ நவம்பருக்கு என்னண்ணா வழி?" என்று ஷப்னம் என்னைக் கேட்டார்.

எல்லோர் முன்னிலையிலும் உரக்கவே வாக்குக் கொடுத்தேன்: "லிஃப்ட் நின்னா, நாலு பேரைக் கூட்டிட்டு வந்து உன்னை நாற்காலியோட தூக்கிட்டு இறங்குறேம்மா. கீழே மீட்புப் படகுல உக்கார வைக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்!"