ஒற்றை ஆணி

கேசரிக்கு ரவை வறுபடும் வாசனை மூன்றாவது வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தது... நடு வாசலுக்குள் செல்விக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வாசல் எங்களுடையது. மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் உட்காரப் போகிறார்கள்.

ஆரப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் வீடு என்றால் ஓர் அறைதான். அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. புதிதாகக் கல்யாணமான எனக்கு அது கிடைத்ததே பெரிய விஷயம்.

செல்வி, பக்கத்து அறை முத்தம்மா அக்காவின் மகள். முதலில் பெண் பார்க்க வந்தவர்கள், "ஒத்த ரூம்புலயா இம்புட்டுப் பேரும் இருக்கீக?" என்று கேட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். இதுவும் தட்டிப்போனால் அடுத்து யார் வருவார்கள் என்று முத்தம்மா அக்காவுக்குப் பயம்.

இதற்கு எங்கள் காம்பவுண்டில் ஓர் உபாயம் உண்டு. அடுத்தடுத்த மூன்று வாசல்களுக்கும் ஒரே நிறத்தில் திரை கட்டி, மூன்று அறைகளையும் ஒரே வீடாகக் காட்டிவிடுவது. எங்கள் அறை ஹால். மூன்றாவதாக இருந்த பரீதா அக்காவின் அறை சமையற்கட்டு.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் தம்பி. பொண்ணுக்குச் சித்தப்பான்னு சொல்லிர்றோம். சும்மா உக்காந்திருங்க" என்றார் முத்தம்மா அக்கா.

"பேசாம இருக்கிறதுக்கு அவருக்குச் சொல்லியா குடுக்கணும்?" என்றாள் என் மனைவி.

நான் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவன். ஸ்டவ், பாய், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் மறைத்தாயிற்று. சுவரை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் கண்டிப்பான உத்தரவு. எங்களுக்கு முன் குடியிருந்தவர் விட்டுப்போன ஒரே ஓர் ஆணி இருந்தது. அதில் எங்கள் கல்யாணப் படம் தொங்கியது. தினமும் பார்க்கிற படம்... ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"இது நீங்களும் உங்க சம்சாரமுமா?"

"ஆமாம்மா."

"பொண்ணோட அப்பா அம்மா படம் ஒண்ணையும் காணமே?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இது... எங்க வீடும்மா. அவங்களுக்குப் பக்கத்து ரூம். ஒரே ரூம்தான். ஆனா பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணும்மா..."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோனது.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு!

"நல்லதாப் போச்சு தம்பி! நீங்க மாப்ள வீடு பாக்க வாறப்ப எத்தன ரூம்ப இரவல் வாங்கணுமோன்னு நான்ல பயந்துக்கிட்டு இருந்தேன். எங்களுக்கும் ஒத்த ரூம்புதேன்!"

கேசரி வந்தது.

காலம் ஓடிவிட்டது. நாங்கள் கடன் வாங்கித் திருநகரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டோம். செல்வியும் அவள் கணவரும் வாடகை ஏற ஏற வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். அரசுக் குடியிருப்புக்கு மனு போட்டு, அது தள்ளிப்போய், மறுபடியும் போட்டு... போன வாரம் ஒத்தக்கடைப் பக்கம் புது பிளாட்டில் பால் காய்ச்சினார்கள்.

பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். இன்னும் எத்தனையோ குடும்பங்கள் ஒற்றை அறையில்தான் இருக்கின்றன. இந்த வீடுகள் எந்த மூலைக்குக் காணும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் செல்வியின் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த கட்டடத்துக்குத் தூண்கள் எழும்பியிருந்தன. அதைப் பார்த்தபோது மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

ஹால், படுக்கையறை, சமையலறை. மூன்று வாசல்... மூன்றும் ஒரே வீட்டுக்குள்.

செல்வி பெட்டியிலிருந்து பழைய சேலையில் சுற்றிய தன் கல்யாணப் படத்தை எடுத்து வந்தாள்.

"ஆணி அடிச்சாக் காலி பண்ணுன்னுருவாக. அதேன் இத்தன வருசமும் பொட்டிக்குள்ளயே கெடந்துச்சு. நீங்கதேன் அடிக்கணும்ணே" என்று சுத்தியலை என் கையில் கொடுத்தாள்.

சாண் போட்டு அளந்தேன். பென்சிலால் குறித்தேன். சந்தேகம் வந்து அழித்துவிட்டு மறுபடியும் அளந்தேன்.

"அண்ணே, நீங்க அளந்து முடிக்கிறதுக்குள்ள அறுபதாங் கல்யாணப் படமே எடுத்துரலாம்" என்றார் செல்வியின் கணவர்.

முதல் ஆணி வளைந்துவிட்டது. என்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"யாரத் தேடுறீக?"

"இல்லம்மா... சத்தம் கேட்டு ஓனர் யாராவது..."

செல்வி அடுத்த ஆணியை நீட்டினாள்.

"நாந்தேன் ஓனரு. அடிங்கண்ணே!"