அசல் என்று சொன்னவள்

கல் பிரிக்கும் அறையில் அவளுக்குப் பூதம் என்று பெயர். எந்நேரமும் பூதக்கண்ணாடியும் கையுமாக இருப்பதால் யாரோ வைத்தது. வைத்தவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள். ஆண்டவன் கொடுத்த கண்ணுக்கு மனுஷர் வைத்த பெயர், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

நிறம் மாறும் கற்களைப் பிரிப்பது அவள் வேலை. நல்ல கல் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் பச்சை, குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு. ஆனால் மண்ணுக்குள் விளைந்ததும் நிறம் மாறும், உலையில் உருக்கி வளர்த்ததும் மாறும். உலைக் கல்லின் பச்சையில் சாம்பல் நீலமும் சிவப்பில் ஊதாவும் ஓடும்; அது பழகிய கண்ணுக்கு மட்டும்தான் பிடிபடும். மற்றவர்களுக்குப் பூதக்கண்ணாடியை வைத்து உள்ளே பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். மண்ணில் விளைந்ததில் ஊசி முனை போலவோ தூசு போலவோ ஏதாவது ஒரு குறை கிடக்கும். உலைக் கல் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் மட்டும் பழைய இசைத்தட்டில் உள்ளதுபோல மெல்லிய கோடுகள் வளைந்து ஓடும். அசல் வலது தட்டுக்கு, உலைக் கல் இடது தட்டுக்கு. இருபத்தாறு வருடத்தில் அவள் பிரித்ததை முதலாளி மறுபடி பார்த்ததில்லை. அவள் சொல்தான் அவளுக்குச் சோறு.

அவள் அக்கா விரலிலும் அப்படி ஒரு கல் இருந்தது. கல்யாணமான புதிதில் அத்தான் போட்டுவிட்டது. அதற்கப்புறம் அந்த மனிதர் வாயிலிருந்து அக்காவுக்கு ஒரு நல்ல சொல் வந்ததில்லை.

"அவரு திட்டுறப்பெல்லாம் இதைப் பாத்துக்குவேன்டி. ஆசை இல்லாமலா இப்படி ஒரு கல்லைத் தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தாரு?" என்பாள் அக்கா. அடுத்த மூச்சிலேயே, "தள்ளி நில்லு, உன் தூசிக் கையை வச்சுத் தொட்றாதே" என்பாள்.

தொடவே தேவையிருக்கவில்லை. பச்சை வரவேண்டிய இடத்தில் சாம்பல் நீலம், சிவப்பு வரவேண்டிய இடத்தில் ஊதா. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே தங்கைக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கு இருக்கும் பிடிமானம் அது ஒன்றுதான் என்பதும் தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா மகனுக்குப் பெண் பேசி முடித்த அன்று, மோதிரத்தைக் கழற்றி மருமகளாக வரப்போகிறவளின் விரலில் போட்டாள் அக்கா. பெண்ணின் அம்மா மகள் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அசல்தானே சம்பந்தி? இப்பல்லாம் கண்ட கண்ட கல்லு வருதே."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கூட்டத்தின் ஓரத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த தங்கையைக் கூப்பிட்டாள். "ஏய், இங்க வா. கையைத் துடைச்சிட்டுப் பாத்துச் சொல்லு. இவளுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மோதிரத்தை வாங்கி ஜன்னலருகே பார்த்தாள். பிறகு சாமான் அறையின் குண்டு பல்புக்கு அடியில் கொண்டுபோய், இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்து வைத்தாள். கோடுகள் வளைந்து வளைந்து ஓடின. தலை நிமிர்ந்தபோது கதவோரத்தில் அத்தான் வெளிறிப்போய் நின்றார்.

"என் மானத்தைக் காப்பாத்தும்மா. நீ எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி" என்று கிசுகிசுத்தார்.

வெளியே வந்து, "அசல்தான்" என்றாள். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் பொய் அது.

பெண்ணின் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. அந்தப் பக்கத்தில் கல்லைச் சோதித்துச் சொல்கிறவர் அதே முதலாளிதான். பத்து நாளில் மோதிரம் அவர் மேசைக்கு வந்தது. பூதத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார் முதலாளி. உள்ளே சம்பந்தி, அக்கா, அத்தான்.

"இது உலைக் கல்லு. நீ அசல்னு சொன்னியாமே?"

அவள் பதில் சொல்வதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "அன்னைக்கு இவதான் சாமான் ரூமுக்கு எடுத்துட்டுப் போனா. ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தா."

"மாத்திட்டியாடி? என் கல்லை மாத்திட்டியாடி, பாவி!" அக்கா அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள்.

கூடப்பிறந்தவ மாதிரி என்று சொன்ன அத்தான் முகத்தை ஒரு தரம் பார்த்தாள் தங்கை. பிறகு சொன்னாள், "கல்லைப் பிடிச்சிருக்கிற நகத்துக்கு அடியில பாருங்க முதலாளி."

முதலாளி பார்த்தார். நான்கு தங்க நகங்களுக்கு அடியிலும் சோப்பும் அழுக்கும் இறுகிப் பாறையாகிக் கிடந்தன. "இதை யாரும் திறக்கவே இல்லையே. முதல்ல வச்ச கல்லுதான் இது."

அத்தான் படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அந்தக் கடைக்காரப் படுபாவி என்னை ஏமாத்திட்டானே! ஆசை ஆசையா வாங்கினேனே!"

அக்கா ஓடிப்போய் அவர் கண்ணைத் துடைத்தாள். "விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க மனசு அசலுங்க." முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர் அக்காவின் தோளில் சாய்ந்தார். அக்கா முகம் பூரித்துப்போனது.

பிறகுதான் தங்கை பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சே என்னை நாலு பேர் முன்னால அசிங்கப்பட வச்சியா?"

முதலாளியும் அதையே கேட்டார். "தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

தெரிந்து என்றால், யாருக்காக என்று அடுத்த கேள்வி வரும். அக்காவின் கை இன்னும் அத்தான் தோளில் இருந்தது.

"தெரியல முதலாளி. கண்ணு மங்கிப்போச்சு."

"அப்ப இத்தனை நாளா என்னத்தைப் பிரிச்சே? போதும்மா. கண்ணாடியை வச்சிட்டுக் கிளம்பு."

துணிப்பையை எடுக்க மேசைக்கு வந்தாள். சேதி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் நாற்காலியில் பக்கத்து மேசைக்காரி சாய்ந்து இருந்தாள். இரண்டு மாதம் அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே பூதம்தான்.

"என்ன பூதம், என் மூஞ்சியாவது தெரியுதா?"

அறையே சிரித்தது. பூதம் துணிப்பைக்குக் குனிந்தாள். இடது தட்டில், உலைக் கற்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சாம்பல் கலக்காத பச்சையாக நின்றது. கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பழக்கதோஷம், கை போய்விட்டது. அதை எடுத்து வலது தட்டில் வைத்தாள்.

"அட, குருட்டுப் பூதமே! எதையும் தொடாதே" என்று பக்கத்து மேசைக்காரி அதை விரலால் சுண்டினாள். இடது தட்டில் மற்ற கற்களோடு அது ஒன்றாகிப்போனது.