ஆபித்தை மட்டும் பார்க்கிறவன்

பார்த்திபன் ஆட்டம் பார்க்கும்போது பந்தைப் பார்ப்பதில்லை. கைபேசியை டிபன் டப்பாவின் மேல் சாய்த்து நிறுத்திவிட்டு, ஒரு கையால் எலுமிச்சை சாதத்தைப் பிசைந்தபடி, திரையின் ஓரத்தில் நிற்கிற ஒரே ஒருவனைப் பார்ப்பான். பந்து எதிர்ப்பக்கக் கோலுக்கு அருகில் இருக்கும். கூட்டம் அங்கேதான் கத்தும். கேமராவும் அங்கே போய்விட்டால் பார்த்திபனுக்குக் கோபம் வந்துவிடும். முந்தின நாள் மாலையில் நடந்து முடிந்த ஆட்டம் அது. வீட்டிலேயே ஒரு முறை பார்த்தாயிற்று. இருந்தும் மதிய சாப்பாட்டு நேரத்தில் மறுபடி ஓடவிடுவான். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற, கூட வேலைசெய்கிற அதாவுல்லா எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, கோலா?" என்று கேட்பார்.

"கோலு கீலு எனக்குத் தெரியாது. இவனப் பாரு. சும்மா நிக்கிறான். நின்னுக்கினே பேரு வாங்குறான் பாரு."

'இவன்' என்றால் ஆபித் பாஷா. ஆம்பூரில் வேறு விளக்கம் தேவையில்லை. கொல்கத்தா, கோவா, கேரளம் என்று பெரிய கிளப்புகளுக்குத் தடுப்பாட்டம் ஆடியவன். ஒரு பருவம் முழுக்கக் கையில் கேப்டன் பட்டி கட்டியவன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடையில் அவன் படம் தொங்குகிறது. பிரியாணிக் கடை ஒன்றில் முதலாளியின் தோளில் அவன் கைபோட்டு நிற்கிற படம் கல்லாவுக்கு மேலே இருக்கிறது. பார்த்திபனுக்கு ஊரிலேயே பிடித்த பிரியாணி அந்தக் கடையுடையதுதான். ஆனால் உள்ளே கால் வைக்க மாட்டான். அதாவுல்லாவை அனுப்பிப் பார்சல் வாங்கிவரச் சொல்லி, தெருமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பான்.

பைபாஸ் சாலையை ஒட்டிய ஷூ கம்பெனியில் தோல் பார்த்துப் பிரிப்பது அவன் வேலை. வெட்டுகிற மேசைக்குப் போகும் முன் ஒவ்வொரு தோலும் அவன் எதிரில் விரிக்கப்படும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் வெள்ளிநிறப் பேனாவால் வட்டமிடுவான். அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிற அவன் மனைவி செண்பகம், "வூட்லயும் அதே வேலதான். சட்னில உப்பு கம்மி, தலகாணில அழுக்கு, எங்கம்மா பேச்சுல குத்தம். எங்கனா ஒரு வட்டம் போடலன்னா இவருக்குத் தூக்கம் வராது" என்பாள்.

பார்த்திபன் நல்ல உயரம். தலையால் பந்தை முட்டி முட்டி நெற்றியின் வலப்பக்கம் சற்றே புடைத்திருக்கும். கல்யாண மண்டபத்தில் நுழைந்தால் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் நிற்பான். பின்னால் ஒருவர் நடமாடுவது அவனுக்கு ஆகாது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரை, அவர் யாரானாலும், முழங்கையைத் தொட்டு அரை அடி நகர்த்தி நேராக நிறுத்துவான். யாராவது முறைத்தால் கையை எடுத்துக்கொள்வான். ஃப்ரீ கிக்குக்குத் தடுப்புச் சுவராக ஆட்களை நிறுத்தி நிறுத்திக் கை பழகிப்போனது. ஆபித்தைப் போல அவனும் கோலுக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பராக ஆடியவன்தான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி டீமுக்கு ஆடுகிறான்.

ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் பார்த்திபன் வீடு, அந்தப் பக்கம் ஆபித் வீடு. பள்ளிக்கூட நாளிலிருந்து இருவரும் கோலுக்கு முன்னால் சேர்ந்தே நின்றார்கள். ஊரில் அவர்களை 'ரெட்டைக் கதவு' என்றுதான் சொல்வார்கள். ஜோலார்பேட்டை ரயில்வே டீம்கூட ஆம்பூரோடு ஆட்டம் என்றால் ஃபார்வர்டுகளை மாற்றி மாற்றி இறக்கிப் பார்க்கும். கதவு திறக்காது.

பிறகு வேலூரில் அந்தத் தேர்வு ஆட்டம் வந்தது. கொல்கத்தா கிளப் ஒன்றுக்கு ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் வந்திருந்தார். அன்றைக்குப் பார்த்திபன் ஆடியதுபோல் அதற்கு முன்பும் ஆடவில்லை, பின்பும் ஆடவில்லை. ஒருவனும் அவனைத் தாண்டிப் போகவில்லை. ஆபித்தோ ஒரு பந்தைக் கோட்டைவிட்டான். காலுக்கடியில் நழுவிய பந்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்க ஃபார்வர்டு தனியாக ஓடினான். ஆபித் திரும்பினான், பாதி மைதானம் துரத்தினான், கோலுக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கி, பந்தை மட்டும் தட்டி வெளியே தள்ளினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் தொப்பிக்காரர் ஆபித்தின் தோளைத் தொட்டார்.

பார்த்திபன் விடவில்லை, நேரே போய்க் கேட்டான். அந்தக் கதையை இன்றைக்கும் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்வான். "நான் ஒரு தப்பும் பண்ணலயே சார்னு சொன்னேன். 'அதான் தம்பி, நீ தப்பு பண்ணா இன்னா ஆவன்னு எனக்குத் தெரியல. அவன் இன்னா ஆவான்னு பாத்துட்டேன்'ன்றான் அந்தாளு. இது நாயமா? தப்பு பண்ணவன ஏரோப்ளேன்ல ஏத்துனாங்க. பண்ணாதவன் தோலுக்கு வட்டம் போடுறான்."

அதற்குப் பிறகு ஆபித்தின் வாழ்க்கை முழுவதும் பார்த்திபனின் கைபேசிக்குள் நடந்தது. முதல் வருடம் கொல்கத்தாவில் ஆபித் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். பார்த்திபனுக்கு அது நல்ல வருடம். கோவாவுக்குப் போனதும் இடம் கிடைத்தது. ஆறடி வெளிநாட்டு ஃபார்வர்டுகள் ஆபித்தின் மேல் மோதி விழுந்தார்கள். ஒருமுறை மூக்குடைந்து, பஞ்சை அடைத்துக்கொண்டு கடைசிவரை ஆடினான். "சீனு போடுறான்" என்றான் பார்த்திபன். ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் ஆபித் தவறாமல் வாழ்த்து அனுப்புவான். பார்த்திபன் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசமாட்டான். "கட்டிக்கின பொண்டாட்டிய ஒரு நாளும் இப்டி உத்துப் பாத்தது இல்ல" என்று செண்பகம் சொன்னது உண்மைதான்.

கேரளத்து கிளப்புக்கு ஆடும்போது ஓர் அரையிறுதியில் ஆபித் சேம் சைடு கோல் போட்டான். சாதாரணமாக வெளியே தள்ளவேண்டிய பந்து. முழங்காலுக்குக் கீழே பட்டு, தன் கோல்கீப்பரையே ஏமாற்றி உள்ளே போனது. டீம் வெளியேறியது. மறுநாள் வேலை முடிந்து வரும்போது பார்த்திபன் அரைக்கிலோ மக்கன் பேடா வாங்கிவந்தான்.

"இன்னா விசேஷம்?" என்று கேட்டாள் செண்பகம்.

"சும்மாதான். ஆசையா இருந்துச்சு."

கம்பெனியில் அவளும் செய்தியைப் பார்த்திருந்தாள். டப்பாவைத் திறக்காமலே அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "ஒரு மனுசன் வுழுந்ததுக்கு ஸ்வீட்டு வாங்கினு வர்ற வூட்ட நான் பாத்தது இல்ல" என்றாள். அந்த மக்கன் பேடா எறும்புக்குத்தான் போயிற்று.

பார்த்திபன் அந்த கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். முதலில் இனிப்பாக இருந்தது. பார்க்கப் பார்க்க ஏதோ உறுத்தியது. பந்து ஆபித்தின் இடப்பக்கம் வருகிறது. இடது காலை ஊன்றித் திரும்பினால் முடிந்தது வேலை. ஆபித்தோ வலப்பக்கமாக முழுச்சுற்று சுற்றுகிறான், பந்து அதற்குள் வந்து மோதுகிறது. பார்த்திபன் அதற்கு முந்தைய ஆட்டங்களைத் தேடி எடுத்தான். எல்லாவற்றிலும் அப்படியே. மழைக்காலத்திலிருந்தே ஆபித் இடது காலில் பாரம் போட்டுத் திரும்பவில்லை. ஆட்டத்தை வர்ணிப்பவர்கள் களைப்பு என்றார்கள், வயது என்றார்கள். ஆபித் முட்டிவலியை மறைத்து ஆடுகிறான் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

சில நாள் அதை யாரிடமும் சொல்லாமல் வாயில் அடக்கிய மிட்டாய்போல் வைத்திருந்தான். அப்புறம் தாங்கவில்லை. கம்பெனி மொட்டைமாடியில் தனியாக நின்று ஆபித்துக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினான்.

"இன்னாடா ஆபித், எடது முட்டி பூட்ச்சா? ஊர ஏமாத்தலாம், என்னை ஏமாத்த முடியாது. கெழவன் மாதிரி வலப்பக்கமாவே சுத்திக்கினு வர்ற. வெக்கமா இல்ல? அடுத்தவன் எடத்தப் புடிச்சிக்கினு எதுக்குடா நிக்கிற? வூட்டுக்கு வந்து சேரு."

கேட்டுவிட்டான் என்பதற்கான நீலக்குறி விழுந்தது. பதில் வரவில்லை. பார்த்திபனுக்கு மனசு குளிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தான் அனுப்பியதைத் தானே ஒரு முறை போட்டுக் கேட்டான்.

அடுத்த சில மாதங்கள் ஆபித் ஆடவில்லை. அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தது. பின்பு திரும்பி வந்தான். இரண்டு பருவம் ஆடினான். இரண்டாவதில் அந்த கிளப் கோப்பையைத் தூக்கியது. வண்ணக் காகிதத் துகள்கள் பறக்க, நடுவில் நின்று ஆபித் அழுதான். பார்த்திபன் திரையை அணைத்துவிட்டு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். அன்று குழாயில் தண்ணீர் வருகிற நாளே இல்லை.

ஆபித் ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் ஆம்பூரில் பாராட்டு விழா வைத்தார்கள். பார்த்திபன் போவதாக இல்லை. அதாவுல்லாதான் வீட்டுக்கே வந்து, அவனையும் செண்பகத்தையும் அவன் வண்டியிலேயே கிளப்பிக் கூட்டிவந்துவிட்டார். செண்பகம் பட்டுப்புடவையில் முன்வரிசைக்குப் போனாள். பார்த்திபன் கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தான்.

மைக்கைப் பிடித்த ஆபித்துக்கு ஆட்டத்தைப் போல் பேச்சு வரவில்லை. திணறித் திணறிச் சொன்னான். "கோச்சுக்குத் தெரியல. டாக்டருங்களுக்கும் தெரியல, நான்தான் சொல்லலையே. ஆம்பூர்ல ஒக்காந்துக்கினு என் தோஸ்த் ஒருத்தன் கண்டுபுடிச்சான். திட்டி மெசேஜ் அனுப்பினான். அதக் கேட்டுட்டுத்தான் ஸ்கேன் எடுத்தேன். ஜவ்வு ஒரு நூல்ல நின்னுக்கினு இருந்துச்சாம். இன்னும் ஒரு மேட்ச் ஆடியிருந்தா அவ்ளோதான், காலே போயிருக்கும்னாங்க. அந்தக் கோப்பை எனக்கு அவன் குடுத்தது. பாசத்துல திட்டினான். பார்த்தி, மேல வாடா!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. யாரோ முதுகில் தட்டி எழுப்பினார்கள். மேடையில் ஆபித் தனக்குப் போட்ட சால்வையைக் கழற்றிப் பார்த்திபனுக்குப் போர்த்தினான். கம்பெனி மேனேஜர்கூட எழுந்து நின்று கைதட்டினார். படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னார். பார்த்திபன் பல்லைக் காட்டினான்.

வீடு திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த செண்பகத்திடம், "நான் வெச்ச வெஷம்கூட அவனுக்கு மருந்தாப் பூட்ச்சுடி" என்றான். அவள் அவன் முதுகில் தலையை முட்டி முட்டிச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், "ஏங்க, அந்தாளு அவ்ளோ வெவரம் இல்லாதவரா? நெஜமாவே பாசம்னா நெனச்சிருப்பாரு?" என்று கேட்டாள். வண்டியின் வேகம் குறைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி டீமுக்கும் ஊர் டீமுக்கும் ஆட்டம். ஆபித் ஊர் டீமின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். செய்தி பரவி, மைதானத்தைச் சுற்றி வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பிள்ளைகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஆபித்தும் பார்த்திபனும் எதிரெதிர்ப் பக்கம் ஆடுவது அதுதான் முதல் தடவை. இருவருமே அவரவர் கோலுக்கு முன்னால் நிற்பவர்கள். ஆட்டம் முழுக்க மைதானத்தின் நீளம் நடுவில் கிடந்தது.

முடியப்போகும் நேரத்தில் ஒரு பந்து பார்த்திபனின் காலுக்கு வந்தது. வழக்கமாக உதைத்து அனுப்பிவிடுவான். அன்று அனுப்பவில்லை. பந்தோடு ஓடினான். அவன் ஏறி வருவதை யாருமே எதிர்பார்க்கவில்லை. நடுவில் நின்றவர்கள் விலகிப்போனார்கள். கடைசியில் எதிரே ஆபித்தும் அவனுக்குப் பின்னால் கோல்கீப்பரும் மட்டும்தான் இருந்தார்கள்.

பந்தை ஆபித்தின் இடப்பக்கம் தட்டிவிட்டு ஓடினால் போதும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் காலை ஊன்றி ஆபித்தால் சட்டென்று திரும்ப முடியாது. திரும்ப முயன்றால் ஊர் பார்க்க உட்கார்ந்துவிடுவான். இதை மைதானத்தில் இரண்டு பேர் அறிவார்கள். பார்த்திபன் பந்தை வலப்பக்கம் தட்டினான். நல்ல காலின் பக்கம். ஆபித்தின் கால் நீண்டு வந்தது. பந்து சப்தமில்லாமல் பறிபோய்க் கோட்டைத் தாண்டி முள்செடிக்குள் விழுந்தது. பார்த்திபன் குப்புற விழுந்தான். ஊர் கைதட்டி, விசில் அடித்தது. நடுவரும் ஊதி ஆட்டத்தை முடித்தார்.

ஆபித் குனிந்து கையை நீட்டினான். "லெஃப்ட்ல ஏன்டா வரல?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

பார்த்திபன் வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். "நல்ல காலுல உன்ன ஜெயிக்கணும்."

"பாசம்னு மேடைக்காகச் சொன்னேன்டா. வயிறெரிஞ்சு திட்டினது எனக்குத் தெரியாதா? எத்தினி வருசமா உன் பக்கத்துல நின்னவன் நான்." ஆபித் சிரித்தான். "இருந்தாலும் என்னை அவ்ளோ உத்துப் பாக்க உன்ன வுட்டா எனக்கு யார் இருக்கா?"

நீட்டிய கையைப் பார்த்திபன் பிடிக்கவில்லை. தானாகவே எழுந்தான். ஆட்டக்காரர்கள் டீக்கடைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஆபித்தோடு படம் எடுத்துக்கொள்ளச் சிலர் கைபேசியோடு ஓடிவந்தார்கள். பார்த்திபன் முள்செடிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தான். முழங்கையில் கீறிய ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்தான். அங்கே பந்தைக் கீழே வைத்து, அதன்மேல் ஒரு காலை ஊன்றி, கூட்டத்துக்கு நடுவில் நின்ற ஆபித்தைப் பார்த்து, வா என்று இரண்டு விரலை மடக்கினான்.