சீர்த்தட்டில் வந்த கம்ப்யூட்டர்

புதிய மதர்போர்டை அதன் பளபளக்கும் உறையிலிருந்து உருவும்போது ஒரு வாசனை வரும்; சூடேறிய பிளாஸ்டிக்கும் புதுப் புத்தகத்தின் பசையும் கலந்து, மூக்கின் உட்புறத்தில் லேசாகக் கசக்கிற வாசனை. அது பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வாசனை அரைத்த சந்தனத்தோடு சேர்ந்துதான் நினைவில் இருக்கிறது, அதனால் இன்றைக்கும் அது வந்தால் வயிறு எரிகிறது.

திருத்தணியில் மலையடிவாரத்தில் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பூஜைச் சாமான் கடை இருந்தது. தேங்காய், கற்பூரம், விபூதிப் பொட்டலம் எல்லாம் விற்றாலும் வீடு ஓடியது மொட்டைத் தலைக்குப் பூசுகிற சந்தனத்தில்தான். பின்கட்டில் எந்நேரமும் ஒரு குண்டான் நிறையச் சந்தனம் கரைத்திருக்கும். எனவே எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், சைக்கிளோ மிக்சியோ பள்ளிக்கூடப் பையோ, சந்தனமும் குங்குமமும் வைக்காமல் வாசல் தாண்ட விடமாட்டார்கள். அடுத்த தெருவில் இருந்த அத்தை, நைனாவின் அக்கா, வந்து நின்றதும் கேட்கிற முதல் கேள்வியே "பொட்டு வெச்சியா?" என்பதுதான்.

நான் எட்டாவது முடித்த கோடை விடுமுறையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் ஊரில் அப்படிப்பட்ட சென்டர்கள் திடீர் திடீரென்று முளைத்தன. வாய்ப்பாட்டை வரிசையாக எழுதிக் காட்டும்படி கம்ப்யூட்டருக்கு நானே கட்டளை எழுதி, அது பிசகாமல் எழுதியதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது என் வாழ்க்கையில் அந்தப் பெட்டி ஒன்றுதான். வகுப்பு முடிந்ததும் பையன்கள் கார் ஓட்டும் விளையாட்டில் உட்காருவார்கள். ஒரு முறை எனக்கும் இடம் கிடைத்தது, கார் வளைவில் திரும்புகிறபோது படம் திக்கித் திக்கி நின்றது. "கிராபிக்ஸ் கார்டு இல்லம்மா, அதான்" என்றார் சென்டர் மாஸ்டர். அதிலிருந்து எனக்குக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் யோசனை.

ஒன்பதாவது படிக்கும்போது வயதுக்கு வந்தேன். அம்மாவின் அண்ணன், அரக்கோணத்தில் ரயில்வே பிட்டராக இருந்த மாமா, முறைப்படி பச்சைத் தென்னை ஓலை கொண்டுவந்து பின் தாழ்வாரத்தில் தடுப்புக் கட்டினார். அதற்குள் எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். எதையும் தொடக்கூடாது, யார் எதிரிலும் வரக்கூடாது என்றார்கள். பள்ளிக்கூடமும் கிடையாது. சென்டர் மாஸ்டர் படிக்கக் கொடுத்திருந்த பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகள் மட்டும் எப்படியோ என்னோடு உள்ளே வந்துவிட்டன. "உள்ள போனது எல்லாம் ஓலையோட சேர்த்துக் கொளுத்திடணும், சொல்லிட்டேன்" என்று அத்தை அன்றே எச்சரித்தாள். சொன்னபடியே பிறகு கொளுத்தினாள். அதனால் எரிவதற்குள் படித்துவிட வேண்டும் என்று வரி விடாமல் படித்தேன். நான் பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

மாமா ஓலைக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டு கேட்டார்: "இன்னாம்மா வேணும் சீருக்கு? பீரோவா, தையல் மிஷினா?"

"கம்ப்யூட்டர் மாமா. ஆனா மொத்தமா வாங்கக்கூடாது. நான் சொல்ற பாகமா பாத்து வாங்கியாங்க, நானே மாட்டிக்கறேன்."

வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார். மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எனக்கு அப்போது தெரிந்த நியாயமெல்லாம் அவரிடம் சொன்னேன். புரோகிராம் எழுதவும் வேண்டும், விளையாடவும் வேண்டும், ஆகவே ப்ராசசர் நல்லதாக இருக்கட்டும், ராம் ஒரு மடங்கு கூடவே இருக்கட்டும், கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். அதற்கு ஈடாக மானிட்டர் சின்னதே போதும், கேபினெட் எது மலிவோ அது, ஸ்பீக்கரும் பிரிண்டரும் வேண்டவே வேண்டாம். பின்னால் வேறு ப்ராசசர் மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கும் மதர்போர்டாகக் கேட்டு வாங்க வேண்டும். மாமா எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, "இஞ்சின் பெருசா இருக்கணும், பொட்டி சின்னதா இருந்தா பரவால்ல. அதான சொல்றே? ஆங், புரிஞ்சிது" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பத்திரிகையும் எனக்குச் சொன்னதில்லை. அவர் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வந்து, கடைக்காரன் வேறு போர்டு சொல்கிறான், என்ன செய்யட்டும் என்று ஓலைக்கு வெளியே நின்று கேட்டு, மறுபடியும் ரயிலேறிப் போனார். அப்படித் தேடி வாங்கியதில் நான் சொன்னதற்கு ஒரு பொருள் குறையவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சீர் வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. தாய்மாமன் சீர் என்றால் தெரு அடைக்கத் தட்டுகள் வரவேண்டும், பார்க்கிறவர்கள் எண்ண வேண்டும். வந்ததோ அட்டைப் பெட்டிகள், அதிலும் பாதி செங்கல் அளவு. "இந்த டப்பாங்கள அடுக்கி வெச்சா சீர்னு எவ சொல்லுவா? கடைக்கு லோடு எறக்கிகினு இருக்கறோம்னு நெனப்பா" என்று சொன்னவள், மாமா பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் பெட்டிகளை எல்லாம் பிரித்திருக்கிறாள். அப்போது எனக்குத் தலை பின்னி, பூ தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தமும் என் காதில் விழவில்லை.

மணையில் உட்கார்ந்து தலை குனிந்திருந்தேன். மேளம் கேட்டது. முறைப் பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி வந்தார்கள். பழத்தட்டு, பூத்தட்டு, புடவைத்தட்டு, அதற்குப் பின்னால் ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை பரப்பி, அதன்மேல் உறை உரித்த மதர்போர்டு. நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். நடுவில் ப்ராசசர் உட்காருவதற்கென்று சின்னச் சின்னத் துளைகளோடு ஒரு வெள்ளைச் சதுரம் இருக்குமே, பொட்டு வைக்க வாகான இடம் என்று அங்கேதான் அத்தை கட்டை விரலால் தாராளமாக இழுகியிருந்தாள். சந்தனம் துளைகளுக்குள் இறங்கி வழிந்திருந்தது. அடுத்த தட்டில் ராம், அடுத்ததில் கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் அதே அலங்காரத்தில். கடைசித் தட்டில் பச்சரிசி குவித்து அதன் உச்சியில் ப்ராசசரைக் கவிழ்த்து வைத்திருந்தாள், அதன் அடியில் இருக்கிற ஊசி ஊசியான கால்கள் தங்க நிறத்தில் மின்னுமல்லவா, அது சபைக்குத் தெரிய வேண்டுமாம். கால்களின் நடுவே ஈரச் சந்தனத்தை அழுத்தி, அதன்மேல் குங்குமம். பாதிக் கால்கள் மடிந்து கிடந்தன.

"அத்தை, அதுல வெக்காதீங்க, கெட்டுப் பூடும்" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"மணையில உக்காந்துகினு பேசறா பாரு. தலைய குனிடி" என்றாள் அத்தை. சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். தலையைக் குனிந்தேன். மேலே மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நான் அழுததை எல்லோரும் தண்ணீர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாமா அந்த அலங்காரத்தைப் பார்த்தார். ஆனால் பொட்டு வைத்தால் கெடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வேலை செய்த இடத்தில் ஆயுத பூஜைக்கு இஞ்சினுக்கே சந்தனம் பூசுவார்கள், இஞ்சின் ஓடாமலா போயிற்று? தட்டுகளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துவிட்டு, பந்தி முடிந்ததும் டியூட்டிக்கு ரயில் பிடிக்க ஓடினார். "மாட்டு மாட்டு. அடுத்த கிருத்திகைக்கு வர்றப்போ பாக்கறேன்" என்றார்.

பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தேன். ஊசி முனையால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தினேன், இரண்டு கால்கள் கையோடு வந்துவிட்டன. எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது மின்விசிறி சுற்றியது, கேபினெட்டில் பச்சை விளக்கு எரிந்தது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. சென்டர் மாஸ்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். போர்டும் ப்ராசசரும் போய்விட்டன என்றார். "வாங்கினவரே நேர்ல போயி கேட்டா கடைக்காரங்க எதனா வழி சொல்லுவாங்க. உங்க மாமாகிட்ட உடனே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒன்றைத்தான் எங்கள் வீட்டில் செய்யமாட்டார்கள். மாமாவுக்கும் அத்தைக்கும் ஏற்கெனவே ஆகாது. "பூ வெச்சு பொட்டு வெச்சா பொருள் கெட்டுப் பூடுமா? வாங்கினதே ஓட்டையா வாங்கியாந்திருக்கான்" என்று அத்தை அதற்குள் தெருவில் பேச ஆரம்பித்திருந்தாள். இது மாமாவின் காதுக்குப் போனால் அவர் சும்மா இருக்கமாட்டார், பிறகு நைனா அக்கா பக்கமா, அம்மா அண்ணன் பக்கமா என்று வீடு இரண்டாகும். "பொண்ணு சீர் ஓடலன்னு ஊருக்குச் சொல்லிகினு இருக்க முடியுமா? எங்கண்ணன் ஆசையா வாங்கினது. மனசு ஒடிஞ்சிடுவாரு. விடுடி" என்றாள் அம்மா. நைனா கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த மாதக் கிருத்திகைக்கு மாமா வருவதற்கு முன் அம்மா மேசையைத் திருப்பிப் போட்டாள். மானிட்டரின் முதுகு கூடத்தைப் பார்த்திருக்கும், திரை சுவரைப் பார்த்திருக்கும், நடுவில் நான். மலை ஏறி இறங்கி வந்த மாமாவுக்கு உள்ளே சுற்றும் விசிறியின் சத்தமும் பச்சை விளக்கும் என் விரல்கள் கீபோர்டில் ஓடுவதும் தெரியும். "ஓடுதாம்மா?" என்பார். "ஓடுது மாமா." "கொயந்த படிக்குது, தொந்தரவு பண்ணக்கூடாது" என்று தள்ளியே உட்கார்ந்துகொள்வார், அவ்வளவு மரியாதை. கறுப்புத் திரையில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு, முதலில் என் பெயரையும், பிறகு வாய்க்கு வந்த வசவுகளையும் தட்டிக்கொண்டிருப்பேன். எப்போதாவது, "நீயா செஞ்சது எதனா காட்டேன் மாமாவுக்கு" என்று அவர் எழுந்து வரப் பார்த்தால், அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள். மாதாமாதம் இதே கூத்து. பன்னிரண்டாவது முடிக்கும்வரை ஒரு கிருத்திகை தப்பவில்லை.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சேர வேண்டும் என்றேன். பெண் பிள்ளையின் காரியம் எதுவும் தாய்மாமன் வாயில் வராமல் முடிவாகாது, ஆகவே நைனா மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். மாமா என்னிடம் கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் இருந்தார்.

"நானும் இத்தினி வருசமா பாத்துகினுதான் வரேன் மச்சான். வீட்டுலயே மிஷின் இருக்குது. தட்டிகினே இருக்குதே ஒழிய, ஒரு நாளாவது மாமா இத பாரு, நான் செஞ்சதுன்னு ஒண்ணு காட்டுச்சா? அதுக்கு அதுல நாட்டம் இல்ல. அப்பறம் கஷ்டப்பட்டு இன்ஜினீயரிங் எதுக்கு? வேற எதனா படிக்கட்டும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா தரையைப் பார்த்தார். அங்கே இருந்த மூன்று பேருக்கு உண்மை தெரியும், தெரியாத ஒருவர் சொன்னதுதான் தீர்ப்பாயிற்று. என்னை பி.ஏ. வரலாற்றில் சேர்த்தார்கள். நைனாவையும் அம்மாவையும் அத்தையையும் நான் மன்னிக்கவில்லை, மன்னித்துவிட்டதாகச் சொல்லிப் பெரிய மனுஷியாகிற ஆசையும் எனக்கு இல்லை. மாமாவை மட்டும் எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்றுவரை புரியவில்லை.

இப்போது தனியார் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கிறேன். அந்த சென்டர் இருந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். ஓலை கட்டுவதையும் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய விட்டுவிட்டார்கள், மண்டபத்தில் நாற்காலி அலங்காரத்தோடு முடிந்துவிடுகிறது. நைனாவும் இல்லை, கடையும் இல்லை, அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் கம்ப்யூட்டரை நான் கல்லூரிக்குப் போயிருந்த ஒரு நாள் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டார்கள், வந்து பார்த்தபோது மேசை காலியாக இருந்தது.

போன மாதம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார், அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். ஓய்வு பெற்று வெகுகாலமாகிறது, மலை ஏற முடியாமல் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு வருகிறார். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் போனில் ஒவ்வொரு பாகமாகக் காட்டி, இந்தப் ப்ராசசருக்கு இந்த போர்டு, விளையாட இந்தக் கார்டு, புரோகிராம் எழுத இவ்வளவு ராம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வாணாம்மா" என்றார் அவளிடம், வாஞ்சையாகத்தான். "உங்கம்மாவுக்கு இதே மாதிரி பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தேன். அதுக்கு நாட்டம் இல்லாம பூடிச்சி."

எனக்கு அடக்க முடியவில்லை. "மாமா, அது ஒரு நாள்கூட ஓடல. சந்தனம் வெச்ச அன்னிக்கே போயிடுச்சு. நான் சும்மா தட்டிகினு இருந்தேன்."

மாமா சிரித்தார். "யாருகிட்ட சொல்றே? மாசாமாசம் கண்ணால பாத்தவன் நானு." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஓடலயா அது?"

சண்டைக்கு வர அத்தை இல்லை, பக்கம் பிரிய நைனாவும் இல்லை. அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஓடிச்சிண்ணா" என்றாள். "நல்லாதான் ஓடிச்சி."

என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கி, பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.